சபையார் பார்க்காத படம்

ஸ்டோன் லேக், மினசோட்டா
1922 பிப்ரவரி 12

அன்புள்ள ஹில்யா அக்காவுக்கு,

தங்கை சைமா எழுதுவது. நான் சுகம். நீயும் ஐஸக் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இருமல் விட்டதா? இனிமேல் கடிதங்களைப் பக்கத்து வீட்டு ட்ரெம்பாத் அம்மா பெயருக்கே அனுப்புகிறேன். அவளுக்கு நம் பாஷை தெரியாது, பிரித்துப் பார்த்தாலும் கவலை இல்லை.

வேலை கிடைத்துவிட்டது. எங்கே என்று சொல்வதற்கு முன் நாற்காலியைப் பிடித்துக்கொள். படக்கொட்டகையில் பியானோ வாசிக்கிறேன். சுரங்க மேலாளர் வீட்டில் தூசு தட்டும்போது திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டது இப்போது சோறு போடுகிறது. எனக்குப் புருஷனாக வாய்த்த ஆர்வித் கதவிடுக்கில் வைத்து நசுக்கிய இரண்டு விரல்களும் கோணலாகத்தான் சேர்ந்திருக்கின்றன. இடது கை எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டாது. யாருக்குத் தெரியப்போகிறது? முதலாளி லோவ்ரோ ஸ்லோவேனியாக்காரர். முதல் நாளே பாடத்தை முடித்துவிட்டார். "சண்டைன்னா பலமா அடி. முத்தம்னா மெதுவா அடி. கீழ என்ன நடந்தாலும் நிறுத்தாத. நீ வாசிக்கிற வரைக்கும் எல்லாம் படம்னு நெனச்சுட்டு உக்காந்திருப்பானுங்க. நிறுத்தினேன்னா எந்திரிச்சுடுவானுங்க."

போன சனிக்கிழமை அது நடந்தது. திரையில் ஒருவன் இன்னொருவனை வெளுத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வரிசையில் குரோவேஷியாக்காரன் ஒருவன் நம் ஆள் ஒருவனை வெளுக்க ஆரம்பித்தான். பியானோ மேல் ஒரு பல் வந்து விழுந்தது. நான் நிறுத்தவில்லை. சண்டைக்காரர்களே களைத்துப்போய் மீதிப் படத்தைப் பார்த்தார்கள்.

நீ முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. படம் பார்ப்பது பாவம், கொட்டகை சாத்தானின் வீடு. அதனால்தான் அக்கா இங்கே வந்தேன். இந்த ஊரிலும் நம் சபைக்காரர்கள் இருக்கிறார்கள். கடைத்தெருவில் எதிரே வந்தால் தொப்பியை இறக்கிக்கொள்கிறேன். கொட்டகைக்குள் மட்டும் அவர்கள் யாரும் வரமாட்டார்கள். ஆர்வித் செத்தாலும் கால் வைக்காத இடம் இந்த நாட்டில் இது ஒன்றுதான். இங்கே உட்கார்ந்தால் முதுகு கூசுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சைமா

*

கப்பர் ஹில், மிச்சிகன்
1922 மார்ச் 3

அன்புத் தங்கை சைமாவுக்கு,

'தேவ சமாதானம்' என்று ஆரம்பிக்க எனக்கு ஆசைதான். அது சபையில் இருப்பவர்களுக்குச் சொல்லும் வாழ்த்து. கொட்டகையில் இருந்து சம்பளம் வாங்குகிறவளுக்கு எப்படி எழுதுவது? நாங்கள் நலம். இருமல் குறைந்துவிட்டது. அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

நீ ஒரு காரியம் தெரிந்துகொள்ள வேண்டும். போன ஞாயிறு கூட்டத்தில் ஆர்வித் எழுந்து நின்றார். உன்னை அடித்ததையும் உதைத்ததையும் எல்லார் முன்பும் அறிக்கையிட்டார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார். சகோதரர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று நம்பு என்றார்கள். மன்னித்தது கிருபைக் கடலில் போட்டதுதான். அதை யாரும் திரும்ப எடுத்துப் பேசக்கூடாது, பேசினால் பேசுகிறவர்தான் பாவி. உனக்குத் தெரியாதது இல்லை.

கூட்டம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். குடித்து வந்த ஆளாக இருந்தால் வைது அனுப்பியிருப்பேன். அவர் ஒரு சொட்டுத் தொடமாட்டார். அமைதியாக உட்கார்ந்து காப்பி குடித்தார். "அவளை நா மன்னிச்சுட்டேன். எங்க இருக்கான்னு சொல்லிடுங்க, போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றார். தெரியாது என்றேன். விறகு வெட்டித் தருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனார். நம் நாய் செத்துவிட்டது. கோடரி கை தவறி விழுந்ததாம்.

உனக்காக ஜெபிக்கிறேன். வேறு வேலை தேடு.

உன் அக்கா ஹில்யா

*

ஸ்டோன் லேக்
1922 மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். காலுறைகள் வந்தன, கச்சிதமாக இருக்கின்றன. அத்தானுக்கு என் வணக்கம்.

கோடரி தவறி விழுந்து நாய் சாகாது அக்கா. ஓங்கினால்தான் சாகும். நீ எழுதிய அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவன் எழுந்து அழுதானாம், மன்னித்தார்களாம். ஏழு மாத வயிற்றில் உதைத்தான். உங்கள் வீட்டு சவுனாவில், நீராவிக் குளியல் பலகை மேல் என்னைக் கிடத்தி நீதான் அந்தப் பிள்ளையை எடுத்தாய். ஆண்பிள்ளை என்று சொன்னாய், மூச்சு இல்லை என்று சொன்னாய். பிறகு முட்டி போட்டுத் தரையைக் கழுவினாய். நான் மேலே கிடந்து உன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதைபட்டவள் நான். மன்னித்தவர்கள் யாரோ. என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கடல் ரொம்ப வசதியான கடல். ஒருவன் மூழ்கி எழுந்து மறுபடி அடிக்கத் தெம்போடு வருகிறான்.

கோபம் உன் மேல் இல்லை. கொஞ்சம் உன் மேலும்தான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். மே மாதம் பென்னிங்டன் என்று ஒரு படக்காரர் வருகிறார். ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர்க்காரர்களையே படம் எடுத்து, அந்தந்த ஊர்க் கொட்டகையிலேயே காட்டுவது அவர் தொழில். 'உங்கள் முகத்தை நீங்களே திரையில் பாருங்கள்' என்று லோவ்ரோ வாசலில் எழுதி ஒட்டிவிட்டார். நேற்றிலிருந்து ஊரில் எல்லாரும் சவரம் செய்துகொண்டு திரிகிறார்கள்.

வீட்டுக் கதவுக்கு உள்தாழ் போட்டுக்கொள்.

உன் சைமா

*

கப்பர் ஹில்
1922 ஏப்ரல் 16, ஈஸ்டர்

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? உன் மனம் இவ்வளவு கசந்து கிடப்பது எனக்கு வேதனை.

ஐஸக்குக்கு மட்டும் கொஞ்சம் உடம்பு சரியில்லை. மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டார். முன்பற்கள் போயின. கஞ்சி குடிக்கிறார். பத்து நாளில் சுரங்கத்துக்குப் போய்விடுவார்.

அந்தப் படக்காரர் முன்னால் நிற்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

பண்டிகைக்கு முட்டை வேகவைத்தேன். உன் பங்கையும் சேர்த்து வைத்துவிட்டேன், கை பழக்கம்.

உன் அக்கா ஹில்யா

*

ஸ்டோன் லேக்
1922 ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அத்தானின் வாய் ஆறியதா? உங்கள் வீட்டில் மாடியே கிடையாது அக்கா. பொய் சொல்லவும் கொஞ்சம் பழகவேண்டும். அவன் அடித்தான், அத்தான் என் ஊர் பெயரைச் சொல்லவில்லை. அவ்வளவுதானே? அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருக்கிறது.

நீ கெஞ்சினாய், நான் நின்றுவிட்டேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

பென்னிங்டன் முதலில் ஊர்வலம், தீயணைப்பு வண்டி, பள்ளிக்கூடம் எல்லாம் எடுத்தார். கடைசியில் ஒரு சிரிப்புக் கதை வேண்டும் என்றார். ஊதாரிப் புருஷனைப் பெண்டாட்டி மாவு தேய்க்கும் கட்டையால் கடைத்தெரு நெடுக விரட்டி அடிக்கிறாள், அதுதான் கதை. புருஷன் வேடத்துக்குக் கசாப்புக்கடை ஓட்டோ முன்வந்தார். நல்ல மனிதர், பீப்பாய் மாதிரி இருப்பார். பெண்டாட்டி வேடத்துக்கு எந்தப் பெண்ணும் வரவில்லை. லோவ்ரோ என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

"நெஜமா அடிக்காதீங்கம்மா, சும்மா ஓங்கினாப் போதும்" என்றார் பென்னிங்டன்.

"அட, அடிக்கட்டும் சார். நம்ம ஒடம்பு மாட்டுத்தோலு" என்றார் ஓட்டோ.

நான் ஓங்கினேன். அவர் பயந்த மாதிரி கையைத் தூக்கி, "வேணாம் பொண்டாட்டி, வேணாம்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டை அவர் மூக்கில் இறங்கியது. தோளில், முதுகில், மறுபடி முகத்தில். தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் அடித்தேன். மூன்று பேர் வந்து பிடித்த பிறகு பார்த்தால் ஓட்டோவின் சட்டை முழுக்க ரத்தம், ஆட்டு ரத்தமில்லை. "ஏம்மா, எங்கிட்ட கறி வாங்கி ஏமாந்துட்டியா?" என்று கேட்டார், மூக்கைப் பொத்திக்கொண்டு. நான் அழுதுவிட்டேன். படக்காரர் மட்டும் கேமராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். இதுபோல ஒரு சிரிப்புப் படம் அவர் எடுத்ததே இல்லையாம்.

கொட்டகையில் ஏழு நாள் ஓடியது. என் முகத்துக்கு நானே பியானோ வாசித்தேன். இப்போது ஒரு பிரதியை மாதிரிக்காகக் கையோடு எடுத்துக்கொண்டு அடுத்த ஊர்களுக்குப் போயிருக்கிறார். அதைக் காட்டித்தான் புது ஊர்க் கொட்டகைக்காரர்களைச் சம்மதிக்க வைப்பாராம். உங்கள் பக்கம் வந்தால் ட்ரெம்பாத் அம்மாவைப் பார்க்கச் சொல். நான் எப்படி இருக்கிறேன் என்று அவள் உனக்குச் சொல்லட்டும். நம் ஆட்கள் யாரும் பார்க்கப்போவதில்லை, பயப்படாதே.

உன் சைமா

*

கப்பர் ஹில்
1922 ஜூலை 15

அன்புத் தங்கைக்கு,

நலம். ஐஸக் வேலைக்குப் போகிறார். உருளைக்கிழங்கு நன்றாக வந்திருக்கிறது. உன் உடம்பு எப்படி?

அந்தப் படக்காரர் இங்கே வந்துவிட்டுப் போனார். நம் ஊரையும் எடுக்கப்போகிறார் என்று பேச்சு. உன் படத்தை இரண்டு நாள் காட்டினார்கள். நான் போகவில்லை. நான் போகமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ட்ரெம்பாத் அம்மா போய்வந்து சொன்னாள்.

கொஞ்சம் இளைத்திருக்கிறாயாம். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டது முதலில் பிடிக்கவில்லை, பிறகு பிடித்துவிட்டதாம். இடது கையைக் கவுனுக்குள் மறைத்துக்கொண்டே ஓடுகிறாயாம். அடித்துவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாயாம். அம்மா சாவதற்கு முன்னால் நீ சிரிப்பாயே, அதே மாதிரி. ஊர் பெயர் முதலில் பெரிதாக வருகிறதாம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

உன் அக்கா ஹில்யா

*

ஸ்டோன் லேக்
1922 ஜூலை 23

என் கள்ளி அக்காவுக்கு,

நான் பரம சுகம். நீயும் சுகம்தான், அதுதான் தெரிந்துவிட்டதே. அம்மா சாவதற்கு முன்னால் நான் எப்படிச் சிரிப்பேன் என்று ட்ரெம்பாத் அம்மாவுக்கு யார் சொன்னது? அம்மா செத்தபோது அவள் இந்த நாட்டுக்கே வரவில்லை. நீ போயிருக்கிறாய். யாருடைய தொப்பியை மாட்டிக்கொண்டு போனாய்? எந்த வரிசை? கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு லோவ்ரோ முன்னால் குதித்தேன். அவர் என்னைப் பைத்தியம் என்றார்.

நீ இருட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாய் என்பதே எனக்குப் போதும். ஒரு வருஷத்துக்குத் தாங்கும்.

இப்போது விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன், கேள். உன் மனசாட்சி உன்னைத் தூங்கவிடாது. ஆகஸ்டில் பெருங்கூட்டம் வருகிறது. எல்லாரும் அழுவார்கள், உனக்கும் எழுந்து நிற்கத் தோன்றும். எழுந்திருக்காதே. படம் பார்த்ததைச் சபையில் சொல்லாதே. பிரசங்கியாரிடம் தனியாகவும் சொல்லாதே. அது பாவம் என்றால் என் கணக்கில் எழுதட்டும், நான் நரகத்தில் கட்டிக்கொள்கிறேன். உன் வாயில்தான் அக்கா என் உயிர் இருக்கிறது. உடனே பதில் எழுது.

உன் சைமா

*

கப்பர் ஹில்
1922 செப்டம்பர் 1, வெள்ளி

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ நலமா? பதில் தாமதித்ததற்கு வருந்தாதே. பெருங்கூட்டத்துக்கு வெளியூர்க்காரர்கள் வந்து எங்கள் வீட்டிலும் தங்கினார்கள். ரொட்டி சுட்டே கை ஓய்ந்துவிட்டது. கூட்டம் நல்ல ஆசீர்வாதமாக இருந்தது. அநேகர் எழுந்து நின்றார்கள். மனம் லேசாகிவிட்டது. கடலில் போட்டதை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள், விசுவாசிகள் எடுக்கமாட்டார்கள்.

உன் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? லோவ்ரோவிடம் துப்பாக்கி உண்டா? ஆர்வித் புதன்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை என்று ஐஸக் சொல்கிறார். மரம் வெட்டும் முகாமுக்குப் போயிருக்கலாம்.

நீ கொஞ்ச நாள் வேறு ஊருக்குப் போ சைமா. ஏன் என்று கேட்காதே. இதைப் படித்தவுடன் போ.

ஹில்யா

*

மாவட்டச் சிறை, மினசோட்டா
1922 செப்டம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். இங்கே ஷெரிப்பின் மனைவி மூன்று வேளையும் சமைத்துப் போடுகிறாள். இடது கையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான்கு விரல்கள் போய்விட்டன. வலது கை நன்றாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நீயும் அத்தானும் சுகமா?

ஆர்வித் செத்துவிட்டான். இதற்குள் தெரிந்திருக்கும். என் வாயால் நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை தொழிலாளர் விடுமுறை. மத்தியானக் காட்சிக்குக் கொட்டகை நிரம்பி வழிந்தது. ஊர்க்காரர்கள் கேட்டார்கள் என்று லோவ்ரோ எங்கள் படத்தையே மறுபடி போட்டார். ஓட்டோ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், எல்லாரும் அவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் திரைக்குக் கீழே வாசித்துக்கொண்டிருந்தேன். மேலே நான் ஓட்டோவை விரட்டுகிறேன். அப்போது நடுவழியில் நடந்து வந்த ஒருவன் மேடையேறி, என்னைத் தாண்டித் திரை முன்னால் போய் நின்றான். அந்த முதுகு எனக்குத் தெரியும். இடுப்புக் கத்தியை உருவித் திரையில் என் முகம் இருந்த இடத்தில் குத்தி, கீழ்வரை கிழித்தான்.

கொட்டகை சிரித்தது. படத்தின் அடுத்த பாகம் என்று நினைத்துவிட்டார்கள். கை தட்டினார்கள். அவன் மறுபடி குத்தினான், மறுபடி. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து வாசித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் அவன் திரும்பிவிடுவான் என்று கை தானாக ஓடியது. சண்டைப் பாட்டு, பலமாக.

அவன் எப்படியும் திரும்பினான்.

"இங்கதான் இருக்கியா" என்றான். குரலை உயர்த்தவில்லை. "எந்திரி. வீட்டுக்குப் போலாம். நா உன்னை மன்னிச்சுட்டேன்."

"நா மன்னிக்கல" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

பியானோவின் மூடியை என் கை மேல் அறைந்தான். முழு உடம்பையும் அதன் மேல் போட்டான். எலும்பு நொறுங்குவது எனக்குக் கேட்டது. ஓட்டோ மேலே ஏறி வந்தார். "யோவ், விடுய்யா அவள. படத்துலகூட நான்தான்யா அவ புருஷன்" என்றார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆர்வித் அவர் வயிற்றில் கத்தியை இறக்கித் திருப்பினான். ஓட்டோ மெதுவாக உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்தார். முதல் வரிசையில் சிரிப்பு நின்றது, பிறகு இரண்டாவதில், பிறகு கடைசிவரை நின்றது. வாசல் பக்கம் எல்லாரும் ஓடினார்கள்.

கத்தி ஓட்டோவின் உடம்பிலேயே மாட்டிக்கொண்டது. அவன் குனிந்து அதை இழுத்தான். நான் பியானோ முக்காலியைத் தூக்கினேன். அதற்கு இரும்புக் கால். ஒரு கையால் எப்படித் தூக்கினேன் என்று கேட்காதே. காதுக்கு மேல் அடித்தேன். முட்டி போட்டான். மறுபடி அடித்தேன், குப்புற விழுந்தான். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்கிறார் அரசு வக்கீல். நான் நிறுத்தவில்லை. என்னைப் பிடித்து இழுக்கும்வரை அடித்தேன். லோவ்ரோ படத்தை நிறுத்த மறந்துவிட்டார். கிழிந்த திரையில் நான் இன்னும் கட்டையால் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே நான் சிரிக்கவில்லை. அதை மட்டும் யாராவது சாட்சி சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓட்டோ பிழைத்துவிட்டார். நடமாட மாதக்கணக்காகும்.

கொலைக் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். விழுந்தவனை அடித்தது பழிவாங்கல் என்கிறார்கள். என் வக்கீல் சின்னப் பையன், நல்லவன். ஆர்வித் முன்பு செய்ததையெல்லாம் நேரில் பார்த்தவர் வந்து சொன்னால் ஜூரி என்னை விட்டுவிடும், இல்லாவிட்டால் இருபது வருஷம் என்கிறான். "அப்டி யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான். ஒருத்தி இருக்கிறாள், வரமாட்டாள் என்றேன். நீ வரவேண்டாம் அக்கா. மன்னித்ததை எடுத்துப் பேசினால் சபை உன்னைத் தள்ளிவிடும். உனக்கு அவர்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. லோவ்ரோ இங்கே கொண்டுவந்து கொடுத்தார். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். ஆர்வித் இந்த ஊரை எப்படிக் கண்டுபிடித்தான் என்று ஷெரிப் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

சைமா

*

கப்பர் ஹில்
1922 அக்டோபர் 8

சைமா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை. கேட்கிறேன். கை வலிக்கிறதா? கட்டு மாற்றுகிறார்களா? நாங்கள் இருக்கிறோம்.

உனக்குத் தெரியாது என்று ஷெரிப்பிடம் சொன்னாய். உனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று முழுவதும் தெரியாது, அதை எழுதுகிறேன்.

ட்ரெம்பாத் அம்மாவின் தொப்பியை மாட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசை. நீ அந்தக் கசாப்புக்காரரை அடித்தாய், நான் அந்த முகத்தில் ஆர்வித்தைப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் இன்னும், இன்னும் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவன் சாகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஆசை போகவில்லை. படம் பார்த்ததை நான் மறைத்துக்கொண்டே செத்திருப்பேன். மனதில் கொலையை வைத்துக்கொண்டு கர்த்தர் முன்னால் எப்படி நிற்பது என்றுதான் ஆடிப்போனேன். பெருங்கூட்டத்தில் எழுந்துவிட்டேன். ஒரு மனிதனைக் கொல்ல ஆசைப்பட்டேன் என்றேன். யாரை வெறுத்தாயோ அவரிடமே மன்னிப்புக் கேள் என்றார் பிரசங்கியார். அதுதான் நம் வழக்கம். எல்லாரும் பார்க்க நான் ஆர்வித்திடம் போனேன். எப்படி வெறுத்தேன், எதைப் பார்த்து வெறுத்தேன் என்று எல்லாம் சொன்னேன். அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "ஒங்க பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டுச்சு அக்கா, நம்புங்க" என்றான். அவனும் அழுதான். நான் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அப்போது என் காதுக்குள் மெதுவாக, "அந்தப் படத்துல எந்த ஊர்னு போட்டிருந்துச்சு?" என்று கேட்டான்.

நான் சொன்னேன் சைமா. அந்த நேரத்தில் அவன் என் சகோதரன் என்று நினைத்தேன். மன்னிப்பு முடிந்துவிட்டது, எல்லாம் கடலில் போய்விட்டது, இனி அவன் எதையும் எடுக்கமாட்டான் என்று உண்மையாகவே நம்பினேன். புதன்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்ட பிறகுகூடத் தந்தி கொடுக்கவில்லை. கொடுத்தால் அவனைச் சந்தேகிப்பதாகும், சந்தேகிப்பது பாவம் என்று இரண்டு நாள் ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு கூட்டத்தில் மறுபடி எழுந்து நின்றேன். அவனுக்காக அழுதுகொண்டிருந்தார்கள். சவுனாவில் நான் எடுத்த பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். கதவிடுக்கில் வைத்து நசுக்கிய விரல்கள், ஐஸக்கின் பற்கள், நாய், எல்லாம் சொன்னேன்.

"அதெல்லாம் மன்னிச்சாச்சும்மா. உக்காரு" என்றார் பிரசங்கியார்.

"யார் மன்னிச்சது? அவளைக் கேட்டீங்களா?" என்றேன்.

நம் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள், என் கையால் ரொட்டி சாப்பிட்டவர்கள், இரண்டு பேர் என் கையைப் பின்னால் முறுக்கிக் கதவு வரைக்கும் இழுத்துப்போய்ப் படியில் தள்ளினார்கள். மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து மீதியைக் கத்திச் சொன்னேன். உள்ளே பாட்டைப் பலமாகப் பாட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஐஸக் வெளியே வந்தார். என் தொப்பியைக் கையில் எடுத்து வந்திருந்தார். எனக்கு அவர்களைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாயே, அவர் இருக்கிறார்.

வக்கீலுக்கு எழுதிவிட்டேன். ஐஸக்கும் நானும் வியாழக்கிழமை ரயில் ஏறுகிறோம். பார்த்ததையெல்லாம் கோர்ட்டில் சொல்வேன். ஊர் பெயரை அவனுக்கு யார் சொன்னது என்று கேட்டால் அதையும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

உன்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். இங்கே நாங்கள் அதைக் கேட்டுக் கேட்டு, கொடுத்துக் கொடுத்து, ஒருவனை உன் கொட்டகை வாசல் வரைக்கும் அனுப்பி வைத்தோம். நான் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், எனக்குத் தெரியும். கொடுக்காதே சைமா. கோபமாகவே இரு. நான் வந்து உன் எதிரில் உட்காருகிறேன்.

ஹில்யா